இலவச வீடும் காவற் பொறுப்பும்
வேர்டுபிரஸ் வலைத்தளங்களின் குறைகள் பற்றி ஓர் உரை



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்பின் வாழ்வில் சிறிய காலமன்று. மாதக் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைகள், நூல் மதிப்புரைகள், மறைந்த உறுப்பினர்க்கு எழுதப்பெற்ற இரங்கற்பாக்கள், விழா அழைப்பிதழ்கள், நிழற்படங்கள் என ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிடுகின்றன. பெட்டியில் கரையான் ஏறுமுன் இவற்றை இணையத்தில் ஏற்றிவிடலாம் என்னும் குரல் ஆண்டுவிழாத்தோறும் எழுவது இயல்பு. செஞ்சிக்கு அருகிலுள்ள வல்லம் போன்ற ஊர்களில் அக்குரலுக்கு வலிமை மிகுதி. பெருநகரத்து இதழ்கள் திரும்பிப் பாராத கவிஞருக்கும் இணையம் ஒரு மேடை தருகின்றது.

வலைத்தளம் அமைப்பவரிடம் சென்றால் அவர் கூறும் முதற்சொல் பெரும்பாலும் "வேர்டுபிரஸ்" என்பதாகவே இருக்கும். இரண்டாவது சொல் "இலவசம்". அரிசி ஆலைக்கும், தனியார் பள்ளிக்கும், திருமண மண்டபத்துக்கும் அவர் அதனைக் கொண்டே தளம் அமைத்துத் தந்திருப்பார். இலக்கிய வட்டத்துக்கும் அதே அச்சில் ஒன்றை வார்த்துத் தருவார். அந்த இரண்டாவது சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

வேர்டுபிரஸின் பெருமை

குறை கூறப் புகுமுன் நிறையைக் கூறுதல் முறை. வேர்டுபிரஸ் என்பது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படும் வகையைச் சேர்ந்த மென்பொருள். கணினி மொழி அறியாத ஒருவரும் தட்டச்சு செய்து, படம் சேர்த்து, ஒரு பொத்தானை அழுத்தித் தம் எழுத்தை வெளியிட அது வழி செய்கின்றது. கைவிடப்படும் நிலையிலிருந்த பி2 என்னும் மென்பொருளை அடியாகக் கொண்டு, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003 மே மாதத்தில் இதனை வெளியிட்டனர். இதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய திறந்த மூலநிரலாகும். இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை இதன்மீதே நிற்கின்றன. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இதன் கட்டளைப் பலகை தன்னார்வலர்களால் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

இத்தகைய ஒன்றைக் குறைத்துப் பேசுதல் எவர்க்கும் எளிதன்று. எனினும், தமக்கென எழுதும் ஒருவர் தம் தளத்தைத் தாமே நடத்துவது வேறு. பிறரிடம் பணம் கொடுத்து அமைக்கச் சொல்லிப் பெற்றுக்கொள்வது வேறு. முன்னதில் கட்டியவரும் குடியிருப்பவரும் ஒருவரே. பின்னதில் கட்டியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகின்றார். சில வேளைகளில் சாவியையும் கொடுக்காமலே போய்விடுகின்றார். வேர்டுபிரஸின் குறைகள் பெரிதும் வெளிப்படுவது இந்த இரண்டாம் வகைத் தளங்களிலேயே.

ஓயாத பராமரிப்பு

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இல்லாமல் அக்கோயிலை ஆக்கியதாக அங்குள்ள கல்வெட்டில் அம்மன்னன் பெருமைப்படுகின்றான். அவன் பெருமைக்குக் காரணம் உண்டு. மரம் உளுத்தால் கட்டடம் சாயும். சுதை உதிர்ந்தால் சுவர் பிளக்கும். பிற பொருள்களைச் சாராத கட்டடத்துக்கு அவற்றால் வரும் அழிவும் இல்லை. ஆயிரத்து நானூறு ஆண்டு அளவில் அக்கோயில் நிற்கின்றது.

வேர்டுபிரஸ் தளம் இதற்கு நேர்மாறானது. அதன் அடியில் பிஎச்பி என்னும் நிரல்மொழி இயங்க வேண்டும். கவிதைகள் யாவும் மைஎஸ்கியூஎல் போன்ற ஒரு தரவுத்தளத்தில் கிடக்கும். தோற்றத்தைத் தருவது தீம் எனப்படும் வார்ப்புரு. தொடர்புப் படிவம், படத்தொகுப்பு முதலிய கூடுதல் வசதிகளைத் தருபவை ப்ளகின் எனப்படும் செருகுநிரல்கள். இவற்றை எழுதியோர் வெவ்வேறு நாட்டினர்; ஒருவரை ஒருவர் அறியாதவர். ஒவ்வொன்றும் தனக்குரிய காலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒன்று முன்னேறி மற்றொன்று பின்தங்கினால் தளம் நின்றுவிடும். பிஎச்பியின் 7.4 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்தது. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனம் தன் சர்வரில் புதிய பதிப்பை ஏற்றும் நாளில், பழைய வார்ப்புருவைக் கொண்ட தளம் வெறும் வெள்ளைப் பக்கமாக மாறக்கூடும். கவிதைகள் அழிந்தனவோ என்று வட்டத்துச் செயலாளர் திகைப்பார். அவை அழியவில்லை, காட்டும் கருவிதான் பழுதுபட்டது. ஆனால் அதனை அறிந்து சொல்ல அருகில் ஒருவர் வேண்டுமே!

மென்பொருளுக்கு விலை இல்லை என்பது மெய். முகவரிப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. சர்வர் இடத்துக்கு வாடகை உண்டு. புதுப்பிப்பைக் கவனிப்பவருக்குக் கூலி உண்டு, அல்லது கூலி பெறாது உழைக்கும் உறுப்பினரின் நேரம் உண்டு. தளம் அமைக்கும் நாளில் முதற்செலவு மட்டுமே பேசப்படுகின்றது. மூன்றாம் ஆண்டின் செலவை இரு தரப்பாரும் பேசுவதில்லை. திறந்த மூலநிரல் மென்பொருள் எத்தகைய பொறுப்புறுதியும் இன்றியே வழங்கப்படுகின்றது என்பது அதன் உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளது. பழுதுக்கு ஈடு கேட்க ஒரு கடை இல்லை. அவ்வாறாயின் பொறுப்பு யாருடையது? தளத்தை உடையவருடையது. இதனை எடுத்துச் சொல்லாமல் "இலவசம்" என்று மட்டும் சொல்வது பாதி உண்மையாகும்.

கோட்டையும் திட்டிவாயிலும்

அடுத்தது பாதுகாப்பு. செஞ்சிக் கோட்டையை நாளும் பார்த்து வளர்ந்த மக்களுக்கு இதனை விளக்குதல் எளிது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த அக்கோட்டை, மராத்தியர் காலத்தில் மொகலாயப் படையின் முற்றுகையை 1690 முதல் 1698 வரை தாங்கி நின்றது. அதே கோட்டை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் ஒரே இரவில் வீழ்ந்தது. தோற்றுக் குலைந்த முகமது அலியின் படை அங்கு ஒதுங்கியிருந்த வேளையில் கீழ்க்கோட்டை வாயில் ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. குன்றும் மதிலும் இரு காலத்திலும் ஒன்றே, காவல்தான் வேறு.

வேர்டுபிரஸின் மூலமென்பொருளைப் பல நாட்டு வல்லுநர்கள் கூர்ந்து நோக்கிக் காத்து வருகின்றனர். சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே ஏற்றுக்கொள்ளும் வசதி 2013 இல் வந்த 3.7 ஆம் பதிப்பிலிருந்து அதில் உண்டு. ஆகவே இராசகிரி பெரும்பாலும் உறுதியாகவே நிற்கின்றது. பகைவர் நுழைவது திட்டிவாயில்கள் வழியே. அத்திட்டிவாயில்கள் செருகுநிரல்களும் வார்ப்புருக்களும் ஆகும். வேர்டுபிரஸின் அதிகாரப்பூர்வக் கிடங்கில் மட்டும் ஏறக்குறைய 60,000 இலவசச் செருகுநிரல்கள் உள்ளன. அவற்றுள் பல தனியொருவர் ஓய்வு நேரத்தில் எழுதியவை. எழுதியவரே மறந்துவிட்டவையும் உண்டு. படங்களின் அளவைச் சுருக்கும் டிம்தம்ப் என்னும் சிறு நிரல் எண்ணற்ற வார்ப்புருக்களுக்குள் பொதிந்து வழங்கப்பட்டது. 2011 இல் அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, தம் தளத்தில் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

மூலமென்பொருளே தவறிய காலமும் உண்டு. 4.7 ஆம் பதிப்பில் இருந்த ஒரு பிழையால், கடவுச்சொல் இல்லாமலே பிறர் பக்கங்களை மாற்றி எழுத முடிந்தது. 2017 சனவரி இறுதியில் திருத்தம் வந்தது. அடுத்த மாதத்தில் அதனை ஏற்றுக்கொள்ளாத தளங்களின் பக்கங்கள் பெருந்தொகையாக உருக்குலைக்கப்பட்டன. இது வேர்டுபிரஸுக்கு மட்டும் உரிய குறையன்று. அதன் இனத்தைச் சேர்ந்த துரூபல் என்னும் அமைப்பில் 2014 அக்டோபரில் ஒரு பெரும் பிழை வெளிப்பட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளங்கள் தாக்கப்பட்டவை என்றே கொள்ள வேண்டும் எனத் துரூபல் குழுவினரே பின்னர் எச்சரித்தனர். ஏழு மணி நேரம் என்பது செஞ்சியில் ஓர் இரவு. அவ்விரவில் விழித்திருந்து திருத்தம் செய்ய எந்த இலக்கிய வட்டத்தில் ஆள் உண்டு?

"எளிய கவிஞர்களின் தளத்தை யார் தாக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர் உண்டு. தாக்குபவன் கவிதையைப் படிப்பதில்லை. அவன் ஆளே அல்லன், ஊர்தோறும் தாழ்ப்பாளைத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல். திறந்த கதவு கண்டால் உள்ளே புகுந்து போலி மருந்து விளம்பரங்களையும் சூதாட்ட இணைப்புகளையும் ஒட்டிச் செல்லும். தளத்தை நேரே திறப்பவர் கண்ணுக்கு அவை தெரியாமலும், தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படியும் செய்யும் தந்திரமும் உண்டு. பின்பு ஒருநாள் கவிஞர் பெயரைத் தேடுபவர்க்கு மாத்திரை விளம்பரம் கிடைக்கும். விலை கொடுத்து வாங்க வேண்டிய வார்ப்புருவைத் திருட்டுத் தளங்களிலிருந்து இலவசமாக இறக்கிப் பயன்படுத்தும் பழக்கம் இந்நோயை விலை கொடாமலே வாங்கி வருகின்றது. அத்தகைய படிகளுள் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை.

மாறும் ஆட்சி, மாறும் பாதை

மூன்றாம் குறை, மாற்றத்தின் வேகம். 2018 டிசம்பரில் வந்த வேர்டுபிரஸ் 5.0 ஆம் பதிப்பு, எழுதும் பலகையையே மாற்றியது. குட்டன்பர்க் எனப் பெயரிடப்பெற்ற புதிய பலகையில் ஒவ்வொரு பத்தியும் ஒரு தனிக் கட்டம். பழைய முறையில் வெள்ளைத்தாள்போல் இருந்த பலகையில் எழுதிப் பழகிய மூத்த உறுப்பினர்கள் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பழைய பலகை வேண்டுவோர்க்கு அதனையும் ஒரு செருகுநிரலாகவே தந்தனர். மதிலில் இன்னுமொரு திட்டிவாயில்!

தளம் அமைப்போர் விரைவு கருதிப் பக்கம் கட்டும் செருகுநிரல்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் சில, கவிதைக்கு முன்னும் பின்னும் தமக்கே உரிய குறிகளைத் தரவுத்தளத்தில் எழுதி வைக்கின்றன. அச்செருகுநிரலை நீக்கிய மறுகணம், கவிதை வரிகளுக்கிடையே சதுர அடைப்புக்குறிகளும் புரியாத சொற்களும் முளைக்கும். வேர்டுபிரஸ் திறந்த வீடு. ஆனால் அதற்குள் கட்டிய இந்த அறைகளுக்குப் பூட்டு உண்டு. விட்டு நீங்கும் உரிமை ஏட்டில் இருந்தும் நடைமுறையில் இல்லாமற் போகின்றது.

பிற அமைப்புகளின் கதையும் இதுவே. 2011 சனவரியில் வெளிவந்த துரூபல் 7 ஆம் பதிப்புக்கான ஆதரவு 2025 சனவரியில் முடிந்தது. அதற்கடுத்த பதிப்புகள் அடித்தளத்திலேயே வேறுபட்டவை. பழைய தளத்தைப் புதிதாகக் கட்டுவதற்கு ஒப்பான உழைப்பின்றி மாற இயலாது. ஜூம்லாவின் மூன்றாம் பதிப்புக்கான ஆதரவும் 2023 இல் நின்றது.

ஆட்சி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்னும் நிறுவனத்துக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. அந்நிறுவனத்தின் சர்வர்கள் வேர்டுபிரஸின் அதிகாரப்பூர்வக் கிடங்கை அணுகாதபடி தடுக்கப்பட்டன. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கிடங்கிலிருந்து புதுப்பிப்புப் பெறும் வழி அடைபட்டது. அடுத்த மாதம் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செருகுநிரல் ஒன்றின் இடம் கிடங்கில் கைப்பற்றப்பட்டு, வேறு பெயரிடப்பட்டது. தடையை நீக்கி முன்னிருந்த நிலையை மீட்க அமெரிக்க நீதிமன்றம் டிசம்பரில் இடைக்கால ஆணை பிறப்பித்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்குப் பொருளன்று. மூலநிரல் எல்லோருக்கும் பொது. அதனை வழங்கும் கிடங்கின் சாவி சிலர் கையில் என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்திய பாடம்.

கவிதைக்கு நேரும் இடர்கள்

இதுவரை கூறியவை எல்லா வகைத் தளங்களுக்கும் பொதுவானவை. கவிஞர்க்கே உரிய இடர்கள் தனியே உள்ளன.

கவிதையின் உயிர் அடியில் இருக்கின்றது. புதிய எழுதுபலகையில் என்டர் விசையை அழுத்தினால் அடி முறியாது. புதிய பத்தி பிறக்கும். நான்கடி வெண்பா நான்கு பத்திகளாகச் சிதறும். அடியை மட்டும் முறிக்க ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். சொற்களுக்கிடையே கவிஞர் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் வலைப்பக்கத்தில் ஒற்றை இடைவெளியாகச் சுருங்கிவிடும். கவிதைக்கென்றே வெர்ஸ் என்னும் கட்டம் ஒன்று உள்ளது. அடியையும் இடைவெளியையும் அது காக்கும். அப்படி ஒன்று இருப்பதைத் தட்டச்சு செய்பவருக்குச் சொல்லித்தந்தவர் எத்தனை பேர்?

முகப்புப் பக்கத்தில் படைப்பின் தொடக்கத்தை மட்டும் காட்டும் வழக்கம் உண்டு. வேர்டுபிரஸ் தானே செய்யும் சுருக்கம் முதல் 55 சொற்களை எடுத்து, அடிமுறிவுகளை நீக்கி, ஒரே ஓட்டமாகத் தருகின்றது. செய்திக்கு இது தகும். வெண்பாவுக்கோ சீர்கள் பதினைந்தே. முழு வெண்பாவும் உரைநடையாகி ஒரே வரிசையில் ஓடும். யாப்பறிந்து எழுதியவரின் பெயர் அதன்கீழ் இருக்கும், யாப்பு இராது.

பக்கத்தின் முகவரியையும் நோக்க வேண்டும். தலைப்பிலிருந்தே முகவரி ஆக்கப்படுகின்றது. தமிழின் ஒவ்வொரு குறியும் அம்முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு கூடிய ஒன்பது எழுத்துகளாக மாறுகின்றது. மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடமோ 200 எழுத்து. எனவே தமிழில் 22 குறிகளுக்கு மேல் இடமில்லை. "செஞ்சிக் கோட்டையின் ஏழாம் வாயில்" என்று ஒருவர் தலைப்பிட்டால், முகவரி "ஏழாம" என்பதோடு, மகரத்தின் புள்ளியையும் இழந்து நின்றுவிடும், வாயில் இராது. அவ்விணைப்பை நண்பர்க்கு அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட சரமாகச் சென்று சேர்வதும் உண்டு.

தேடலும் இத்தகையதே. வேர்டுபிரஸின் இயல்பான தேடல், இட்ட எழுத்துத்தொடர் அப்படியே வருகின்றதா என்று மட்டுமே பார்க்கும். தமிழின் சாரியையை அறியாது. "வல்லம்" என்று தேடினால் "வல்லத்தில்", "வல்லத்து" என்று எழுதிய கவிதைகள் அகப்படா. அகரவரிசையும் அவ்வாறே. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்துக்குப் பின் ழகரமும் வருகின்றன. அந்த எண்களை மட்டும் நம்பி அடுக்கும் செருகுநிரல், கவிஞர் பெயர்ப் பட்டியலை நெடுங்கணக்குக்கு மாறாகவே தரும்.

பழைய எழுத்துருக்களின் இடர் தனி. பாமினி, ஸ்ரீலிபி முதலியவற்றில் அச்சுக்கோக்கப்பட்ட மலர்களைக் கணினி வேறு எழுத்துகளாகவே அறிந்து வைத்துள்ளது. அவற்றை நேரே தளத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகள் தோன்றும். ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்திய பின்னரே ஏற்ற வேண்டும். வேர்டுபிரஸின் தொடக்கப் பதிப்புகளில் அமைந்த தரவுத்தளங்களைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, எழுத்துமுறை பொருந்தாமல் தமிழ் முழுவதும் வினாக்குறிகளாக மாறிய துன்பமும் நேர்ந்ததுண்டு. ஒரு கவிஞரின் வாழ்நாள் உழைப்பு ஒரு பக்கம் வினாக்குறிகளாக நிற்பதைவிடக் கொடிய விமரிசனம் இல்லை.

மாற்று வழிகளும் அவற்றின் நிலையும்

அப்படியாயின் வேர்டுபிரஸை விலக்கிவிடலாமா? விலக்கி எங்கே செல்வது என்பதையும் எண்ண வேண்டும். இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 2019 இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. முகநூலில் எழுதப்படும் கவிதை மூன்றாம் நாள் கீழே புதைகின்றது. இவ்வீடுகளில் குடியிருப்பவர்க்குச் சுவரில் ஆணியடிக்கவும் உரிமையில்லை. வேர்டுபிரஸில் குறை கண்டவர் தம் கவிதைகளை எடுத்துக்கொண்டு வெளியேறவாவது கதவு உண்டு. ஏற்றுமதி என்னும் வசதி எழுத்துகள் அனைத்தையும் ஒரே கோப்பாகத் தருகின்றது. படங்களின் இணைப்பை மட்டுமே அக்கோப்பு தரும். படங்களைத் தனியே படியெடுக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இருவகை நல்ல முன்மாதிரிகள் தமிழுக்கு உண்டு. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை எளிய வலைப்பக்கங்களாகவும் கோப்புகளாகவும் தந்தது. அங்குச் செருகுநிரல் இல்லை, அலங்காரம் இல்லை. எழுத்துமுறை மாறியபோது நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டு அத்திட்டம் தொடர்ந்தது. அது மண்டகப்பட்டு வழி. 2005 இல் ஈழத்தமிழர் முயற்சியால் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி என்னும் திறந்த மூலநிரல் அமைப்பையே கொண்டது. அதனை ஓயாது பேணத் தன்னார்வலர் இருந்தனர். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பேணலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அது காவலுள்ள கோட்டையின் வழி. எளிமையும் இன்றிக் காவலும் இன்றி நிற்பவையே பாழடைகின்றன. ஊர்களில் விலைக்கு அமைக்கப்படும் தளங்களுள் பல அந்நிலையில் உள்ளன.

செய்யத்தக்கன

ஆதலின் தளம் அமைக்க முனையும் இலக்கிய வட்டம் முதலில் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் புதுப்பிக்கும் தளத்துக்கு இவ்வளவு பெரிய அமைப்பு தேவைதானா? தேவையில்லை எனின், தரவுத்தளம் வேண்டாத எளிய பக்கங்களே போதும். அவற்றை அமைக்கும் செலவு குறைவு. திருட வரும் நிரலுக்கு அங்குத் திறக்கப் பூட்டும் இல்லை.

தேவை எனின், சில உறுதிகளை எழுத்தில் பெறுதல் நலம். முகவரிப் பெயரும் சர்வர் இடமும் வட்டத்தின் பெயரிலேயே, வட்டத்தின் மின்னஞ்சலிலேயே பதிவாக வேண்டும். அமைத்துத் தருபவரின் பெயரில் பதிவானால், அவர் தொழிலை விட்ட நாளிலோ ஊரை விட்ட நாளிலோ முகவரியும் போய்விடும். கடவுச்சொற்கள் உறுப்பினர் இருவரிடமேனும் இருக்க வேண்டும். ஒவ்வொரு செருகுநிரலும் எதற்காக என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். காரணம் எழுத முடியாதது நீக்கப்பட வேண்டும். ஆண்டு வரவுசெலவில் தேநீர்ச் செலவுக்கு ஒரு வரி இருப்பதுபோல் தளப் பராமரிப்புக்கும் ஒரு வரி வேண்டும்.

படியெடுத்தல் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. தளத்தின் கோப்புகளைக் குறுவட்டிலோ விரலியிலோ தந்துவிட்டால் முழுத்தளமும் தந்ததாகக் கருதுகின்றனர். கோப்புகளில் படங்களும் வார்ப்புருவும் உண்டு, கவிதைகள் இல்லை. கவிதைகள் தரவுத்தளத்தில் உள்ளன. இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்படியை வேறொரு கணினியில் ஏற்றி, தளம் எழுகின்றதா என்று பார்க்க வேண்டும். பார்க்கப்படாத படி, திறந்து பாராத விதைக்குதிர் போன்றது; விதைக்கும் நாளில்தான் புழு தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கவிதையும் எந்த அமைப்பையும் சாராத எளிய ஒருங்குறிக் கோப்பாக, அடிமுறிவுகள் பிழையின்றி, படைத்தவர் பெயரும் நாளும் இடமும் குறிக்கப்பெற்றுத் தனியே இருக்க வேண்டும். இடத்தைக் குறிக்கும்போது "செஞ்சி வட்டத்து வல்லம்" என்றே குறிக்க வேண்டும். தஞ்சைக்கு அருகில் ஒரு வல்லமும் செங்கல்பட்டுக்கு அருகில் ஒரு வல்லமும் உள்ளன. தேடுபொறிக்கு மூன்றும் ஒன்றே. வேர்டுபிரஸ் அக்கோப்புகளைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இருக்கட்டும். கண்ணாடி உடைந்தால் வேறொன்று மாட்டலாம்.

அவையோரே! செஞ்சிக்கு அண்மையில் திருநாதர்குன்று உள்ளது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பெற்ற அக்குன்றில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. சில சொற்களே உள்ள சிறிய கல்வெட்டு. வட்டெழுத்து உருப்பெறும் நிலையிலுள்ள அவ்வெழுத்தை இன்று எல்லோராலும் படிக்க இயலாது. ஆனால் படிக்க வல்லவர் வரும்வரை அது காத்திருந்தது. அதனைப் பொறித்தவர் பெயரைச் சொன்னார், நோற்ற நாள்களைச் சொன்னார், நிகழ்ந்ததைச் சொன்னார், வேறொன்றையும் சாராமல் விட்டுச் சென்றார்.

இணையத்தில் எதுவும் கல்லாகாது. ஆயினும் ஒரு கவிதையைப் பிழையின்றி, பெயரோடும் நாளோடும், எடுத்துச் செல்லத்தக்க வடிவில் விட்டுச் செல்வது மனிதரால் இயலும். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கின்றது. காவல் அவ்வாறு கிடைப்பதில்லை. அக்காவலை ஏற்கும் உறுப்பினர் ஒருவரேனும் உள்ள வட்டத்துக்கு வேர்டுபிரஸின் குறைகள் பொறுக்கத்தக்கவை. அவர் ஒருவர் இல்லாத வட்டத்துக்கு அதன் நிறைகளாலும் பயனில்லை. இப்பத்தாண்டு விழாவில் பொன்னாடைகளோடு அந்த ஒருவரும் தேர்ந்தெடுக்கப்படுவாராயின், இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்போர்க்குப் பெட்டியும் இருக்கும், பெட்டிக்குள் கவிதையும் இருக்கும்.